இரண்டாம் வாளி பியர்

அகதியாய் வந்து சேர்ந்த பாடன் நகரம், 1986 மாசி. ஞாயிறு மதியம். வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் குசினிச் சுவர்வரை ஏறியிருக்கிறது. முதலில் காய்ச்சிய பியர் புளித்துப்போனதால், தம்பித்துரை இம்முறை சீனியைப் பாதியாய்க் குறைத்து, வாளியிலுள்ள மால்ட் கரைசல் ஆறும்வரை பொறுத்திருந்து, நொதிக்கவைக்கும் ஈஸ்டைத் தூவுகிறான். அறைத்தோழன் ஜெகதீஸ்வரன், புகலிடம் மறுத்து நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி வந்த கடிதத்தின் மடிப்பை மேசையில் வைத்து நீவிக்கொண்டிருக்கிறான். “எப்ப குடிக்கலாம்?” என்கிறான். “போனமுறை அவசரப்பட்டுத்தான் பழுதாப்போச்சு. ஒரு மாதம் விடோணும்.” “எனக்கு ரெண்டு கிழமைதான் தந்திருக்கினம், மச்சான்.” மூடியை அழுத்திய தம்பித்துரையின் கை அப்படியே நிற்கிறது. விரைவாய் நொதிக்கட்டும் என்று வாளியைத் தூக்கிச் சூடான ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறான். சூட்டில் கெட்டுவிடுமே என்று மறுபடி அப்பால் இழுக்கிறான். ஜெகதீஸ்வரன் எழுந்து வந்து, சேர்ந்து நகர்த்த, வாளியின் மற்றப் பக்கத்தைப் பிடிக்கிறான்.