புள்ளி பிசகாத கணக்கு

“அண்ணா, உன் கணக்கும் என் வீட்டுக்காரர் கணக்கும் ஒரே மாதிரி வந்திருக்கு. ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க?”

தங்கை இரண்டு தாள்களை மேசையில் போட்டாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒத்து வரலைன்னாலும் திட்டு, ஒத்து வந்தாலும் திட்டா? நல்லா ஆபீஸ் நடத்துறே போ!”

கட்டடங்களுக்குப் பலம் பார்த்துச் சொல்லும் அந்த அலுவலகம் அவளுடையது. தூண் எவ்வளவு தடிமன், அஸ்திவாரம் எவ்வளவு அகலம் என்று இங்கே முடிவாகி, அவள் கையெழுத்து விழுந்த பிறகுதான் வெளியே கான்கிரீட் விழும். அதற்கு அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்தக் கட்டடமானாலும் இரண்டு பேர், தனித்தனியாக, இரண்டு வழியில் கணக்கிட வேண்டும். அண்ணன் ஒவ்வொரு தூணையும் பீமையும் கம்ப்யூட்டரில் வரிவரியாக எழுத்தில் அடிப்பார். அவள் கணவர் அதே மென்பொருளில் மவுஸால் படமாக வரைவார். இரண்டு விடையும் நெருங்கி வந்தால் கையெழுத்து.

நெருங்குமே தவிர, ஒட்டியது கிடையாது. விலை படியாத இரண்டு வியாபாரிகள் மாதிரி, ஒருவர் அறுபது என்றால் மற்றவர் அறுபத்திரண்டில் நிற்பார். இன்றைக்கு என்னடாவென்றால், புது மருத்துவமனையின் நடுத்தூணில் இறங்கும் சுமை இருவர் தாளிலும் 61.384 டன். மூன்றாவது தசமம்கூட அசையவில்லை. எண் கொஞ்சம் குறைச்சலோ என்றுகூட அவளுக்குப் பட்டது. இரண்டு பேர் ஒரே குரலில் சொல்லும்போது, சந்தேகப்படுவது தன் மேலா அவர்கள் மேலா என்று புரியவில்லை.

நாளைக் காலையில் அந்த அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட். தப்பான எண்ணில் கையெழுத்துப் போட்டால், மூன்று மாடியும் படுத்திருக்கும் நோயாளிகள் தலையில்.

“உண்மை ஒண்ணுதானேம்மா,” என்றார் அண்ணன். “மாப்பிள்ளை இன்னைக்குத்தான் அதுக்குப் பக்கத்துல வந்திருக்கார். இத்தனை நாள் பொம்மை வரைஞ்சிட்டிருந்தார். பீம் தூணைத் தொடுதா, தொடுற மாதிரி போஸ் குடுக்குதான்னு படத்துல தெரியுமா? எழுத்துல அந்த ஜாலமெல்லாம் நடக்காது.”

அவள் அண்ணனுடைய தாளைப் புரட்டினாள். தூணும் பீமும் சேரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. அண்ணன் அடித்தால் முதல் மாடிக்கு 101, 102, இரண்டாம் மாடிக்கு 201, 202 என்று கதவு எண் மாதிரி வரிசையாக நிற்கும். இந்தத் தாளிலோ 1, 7, 312, 58 என்று கலைந்த சந்தை மாதிரிக் கிடந்தது. மவுஸால் கிளிக் செய்கிறவர்களுக்குத்தான் எண் இப்படிச் சிதறும்.

“அண்ணா, இது நீ அடிச்சது இல்லை.”

அண்ணன் கண்ணாடியை மறுபடி துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

“சரி, விடேன். மாப்பிள்ளையோட படம் பொது ஃபோல்டர்ல முடிஞ்சு கிடந்துது. ஒரு பட்டனை அமுக்கினா அதுவே எழுத்தா மாறிடுது. ஐந்நூறு வரியை யாரும்மா அடிக்கிறது? அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, மானம் போயிடும்.”

அதிலும் ஒரு நிம்மதி. கணவர் கணக்காவது அசல். பக்கத்து அறைக்குப் போனாள்.

“என்னங்க, மருத்துவமனைப் படத்தை எத்தனை நாள் வரைஞ்சீங்க?”

“ரெண்டு நாள்... மூணு நாள்...”

“ரெண்டா, மூணா?”

கணவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “மெதுவாப் பேசு, மச்சான் காதுல விழுந்துடப் போகுது. நான் எங்கே வரைஞ்சேன்? அவர் அடிச்சு வெச்சது ஃபோல்டர்ல இருந்துது. திறந்தேன், அதுவாவே படமா வந்து நின்னுடுச்சு. மனுஷனுக்கு வாய்தான் நீளமே தவிர, கணக்குல பிசகு வராது. நம்பி எடுத்துக்கிட்டேன்.”

“அவர் அடிச்சதா? எண்ணெல்லாம் பார்த்தீங்களா?”

“படத்துல எண்ணை யாரு பார்க்கிறா? கட்டடம் அம்சமா இருந்துது.”

அவள் கதவைத் திறந்து அண்ணனையும் கூப்பிட்டாள். “நீ அவரைப் பார்த்து எழுதினே. அவர் உன்னைப் பார்த்து வரைஞ்சார். அப்போ கட்டடத்தைப் பார்த்தது யாரு?”

“மாப்பிள்ளை, அது உங்க படம் இல்லையா?”

“உங்களோடதுன்னுல்ல மச்சான் நெனச்சேன்!”

“அடப்பாவி! என் எண்ணு அந்த லட்சணத்துலயா இருக்கும்?”

யார் யாரிடம் எடுத்தது என்று அவள் விரல் நீட்டிப் பார்த்தாள். இரண்டு விரலும் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு நின்றன. அப்போது தொலைபேசி அடித்தது. கான்ட்ராக்டர்.

“மேடம், கையெழுத்து ஆச்சா? காலையில ஆறு மணிக்கு லாரி நிக்கும்.”

“லாரி வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. கணக்குத் தப்பு.”

“ஐயையோ, யார் தப்பு மேடம்? எழுத்துக்காரரா, படக்காரரா?”

“ரெண்டு பேருமே இல்லை. எவரோ அரைகுறையாப் போட்டு வெச்சதை எடுத்துத் தொலைச்சிருக்காங்க. யாரா இருந்தாலும் இன்னையோட அந்த ஆளுக்கு இந்த ஆபீஸ்ல இடமில்லை,” என்று சொல்லிக்கொண்டே, அந்த ஃபைலை உருவாக்கியவர் யார் என்று திரையில் தேடினாள்.

அவளுடைய பெயர்தான் இருந்தது. போன மாதம் டாக்டர்களிடம் காட்டி வேலையைப் பிடிப்பதற்காக, அவளே கண்ணளவில் கிளிக் செய்து நிறுத்தி வைத்த வெறும் காட்சிப் படம் அது. கான்கிரீட்டின் சொந்த எடையைத் தவிர, ஒரு கட்டிலின் எடையைக்கூட, ஒரு நோயாளியின் எடையைக்கூட அவள் அதில் ஏற்றியிருக்கவில்லை.