ஸ்டிக்கீன் ஆற்றுப் பயிலரங்கு

சால்மன் மீனுக்கு உப்புப் போதாது என்று சொல்லிவிட்டு என் கணவர் வில்ஃப்ரெட் வலையோடு ஸ்டிக்கீன் ஆற்றுக்கு இறங்கினார். நான் உப்பு வாங்கிக்கொண்டு கடையிலிருந்து திரும்புவதற்குள், ஆற்றின் மேலே இருந்த சுரங்கத்தின் கழிவுநீர் அணை உடைந்து, வெள்ளம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் கனடாவின் வடமேற்கில் வாழும் அவருடைய டால்டான் பூர்வகுடி மக்கள் ஒரு சட்டம் செய்தார்கள். தங்கள் வரலாறு, பண்பாடு, ஆட்சி, பொருளாதாரம் பற்றிய பயிலரங்கில் தேறாதவருடைய தானோட்டி வண்டி அந்த மண்ணில் ஓடாது, எல்லைக்கே திரும்பிவிடும். வாய்ப்பும் ஆயுளுக்கு ஒரே முறைதான். மருமகளான நான் அங்கே பயிற்றுநராகி, ஒருவருக்காகப் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தேன்.

சுரங்கத்தை மறுபடி திறக்க அதன் முதலாளி குகதாசன் டொரன்டோவிலிருந்து வந்தார். பயிலரங்கின் நான்கு நாளும் முன்வரிசையில் இருந்து, அந்த மக்களின் காகக் குலம், ஓநாய்க் குலம் வரை எல்லாவற்றையும் படித்துச் சரியாகப் பதில் சொன்னார். கடைசிக் கேள்வி மட்டும் பயிற்றுநருடையது.

"அணை உடைஞ்சு செத்தவற்ற பேர் என்ன?"

"ஒராள் எண்டுதான் அறிக்கையில இருந்தது, அக்கா."

"நான் பேரைக் கேட்டனான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "நாங்கள் ரெண்டு பேரும் தமிழ் ஆக்கள் எல்லே? கொஞ்சம் பாத்துப் போடுங்கோவன்."

"பாத்துத்தான் போடுறன், தம்பி" என்று சொல்லி, தேறவில்லை என்று எழுதினேன்.

வழக்குப் போடுவேன் என்று கத்தினார், பிறகு கெஞ்சினார். அவருடைய வண்டி தானாகவே திரும்பி அவரை எல்லையில் கொண்டுபோய் விட்டது. அந்தப் பெயர் என்னவென்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.