ஜன்னலுக்கு வெளியே பத்து நிமிஷம்

"அக்கா, ஹெச்.எம். உங்க தலையில கல்லைப் போட்டுட்டார்."

ஆபீஸ் கிளார்க் தன் போனை நீட்டினாள். ஹெச்.எம். எழுதிய ரிப்போர்ட், பிரிண்டரிலிருந்து வெளியே வந்ததும் அவர் வருவதற்குள் அவசர அவசரமாக எடுத்த படம்.

சரித்திர டீச்சர் வாங்கிப் படித்தாள்.

'ஏழாம் வகுப்பு, சரித்திரம். ஜன்னல் வழியாகப் பத்து நிமிடம் பார்த்தேன். ஒரே கூச்சல். நான்கு பேர் மேஜைக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். ஒருவர் கையிலும் பாடப்புத்தகம் இல்லை. ஆசிரியை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.'

அன்று ஒரு பழைய கப்பல் டைரியை வகுப்பே நடித்துப் பார்த்தது. படுத்திருந்த நான்கு பேரும் கப்பலின் அடித்தட்டில் காய்ச்சலில் கிடந்த மாலுமிகள். அது ஜன்னலுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர் மூன்று வருஷமாகத் தற்காலிகம். இந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் நிர்வாகம் நிரந்தரமாக்கும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பும்.

"பேசாம அந்தக் கப்பல் டைரியை மூட்டை கட்டி வச்சுட்டு, அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க அக்கா. வருஷம், தேதி, ராஜா பேருன்னு எல்லாரையும் மாதிரி நடத்திட்டுப் போங்களேன். உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?"

"தேதியெல்லாம் பரீட்சை முடிஞ்ச மறுநாளே பசங்களுக்கு மறந்துடுதுடி. போன வாரம் ஒரு பழைய கேப்டன் எழுதினதைப் படிச்சோம். 'இந்தத் தீவுக்காரர்கள் சோம்பேறிகள், பகலெல்லாம் தூங்குகிறார்கள்'னு எழுதியிருக்கான். எங்க கடைசி பெஞ்ச்சுல ஒண்ணு இருக்கு, வாயே திறக்காது. அது எழுந்து, 'எங்கப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், அவரும் பகல்லதான் தூங்குவார். இவங்க ராத்திரி மீன் பிடிக்கப் போயிருப்பாங்க மிஸ்'னு சொல்லுச்சு. இதை விட்டுட்டு நான் தேதி நடத்தணுமா? முடியாது."

"வேலை போயிடும் அக்கா."

"போகட்டும். போறதுக்கு முன்னாடி அவருக்கும் ஒரு வகுப்பு எடுத்துட்டுத்தான் போவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நேராக ஹெச்.எம். அறைக்குப் போனாள்.

"சார், இன்னிக்கு என் வகுப்புக்கு வாங்க. உள்ளே வந்து உட்காருங்க."

அந்த 'உள்ளே'யில் கொஞ்சம் காரம் கூடுதலாகத்தான் விழுந்தது. ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வரேன் டீச்சர்" என்றார். கக்கத்தில் ஒரு ஃபைலோடு வந்து, முழங்கால் இடிக்க இடிக்கக் கடைசி பெஞ்ச்சில் உட்கார்ந்தார்.

டீச்சர் கரும்பலகையில் எழுதினாள். 'தூரத்திலிருந்து பத்து நிமிடம் பார்த்தேன். ஒரே கூச்சல். சிலர் தரையில் படுத்திருக்கிறார்கள். தலைவி பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.'

"ஒரு பயணி எழுதினது. எந்தத் தீவுன்னு அப்புறம் சொல்றேன். கேள்வி கேளுங்க."

கேட்கச் சொன்னால் விடுவார்களா?

"கரையில இறங்கினாரா மிஸ்?"

"இல்லை."

"யாரையாவது விசாரிச்சாரா?"

"ம்ஹூம்."

"எங்க வீட்டு நாய்க்குட்டியே புது ஆளைப் புரிஞ்சுக்க ரெண்டு நாள் எடுத்துக்கும் மிஸ். இவருக்குப் பத்து நிமிஷம் போதுமா?"

"கப்பல்லயே நின்னுக்கிட்டு வாய்க்கு வந்ததை எழுதியிருக்கார் மிஸ்."

வகுப்பே சிரித்தது. ஹெச்.எம். தலையைக் குனிந்துகொண்டார். டீச்சருக்கு மனசு ஆறியது. இனி வேலை போனாலும் பரவாயில்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாயிற்று.

அப்போது ஹெச்.எம்.முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த வாய் திறக்காத பெண் கையைத் தூக்கினாள்.

"மிஸ், அடுத்த பக்கம் எங்கே?"

"அடுத்த பக்கமா?"

"பத்து நிமிஷத்துக்கு அப்புறம் அவர் என்ன பண்ணார்? கிளம்பிப் போயிட்டாரா?"

கிளார்க்கின் போனில் டீச்சர் பார்த்தது ஒரே ஒரு பக்கத்தின் படம்தான்.

"என்கிட்ட இருக்கும்மா" என்று எழுந்தார் ஹெச்.எம். ஃபைலைத் திறந்து இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.

'கிளம்பத்தான் நினைத்தேன். உள்ளே ஒரு குழந்தை அந்தக் கேப்டனையே மடக்கிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும்வரை ஜன்னலைவிட்டு நகர முடியவில்லை. முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால், பயணி தப்பாக எழுதியதையும் அழிக்கக் கூடாது என்று ஆசிரியை சொன்னது காதில் விழுந்தது. அப்படியே விட்டுவைத்தேன். முப்பது வருடம் நான் நடத்தியது வெறும் தேதிகள். இவரை உடனே நிரந்தரமாக்க வேண்டும்.'

ஹெச்.எம். ஃபைலை மூடினார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், கரும்பலகையைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"அப்போ, பாதியை மட்டும் காட்டி எங்களைத் திட்ட வச்சது நீங்களா மிஸ்?"