சுருதி சேர்க்கும் நேரத்து ரேடியோ

உங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால் குடியிருப்பவரைக் கடைசியாக எப்போது காதுகொடுத்துக் கேட்டீர்கள்? அவர் வீட்டுச் சத்தத்தை அல்ல, அவரை.

பதில் சொல்லுமுன் பிரேமலதாவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

இலங்கையின் கேகாலைக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள் அவள். பல்கலைக்கழகத்தில் வயலின் படித்தாள். அந்தத் தோட்டத்திலிருந்து அப்படியொரு படிப்புக்குப் போனவர் அவளுக்கு முன் எவருமில்லை.

2003ஆம் ஆண்டு. இறுதிப் பரீட்சை நெருங்கியிருந்தது. மேடையில் தனியாக அமர்ந்து பரீட்சகர்கள் முன் வாசிக்க வேண்டும். அதில் தவறினால் பட்டம் இல்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள், மாலைதோறும் பயிற்சி செய்தாள்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், காம்பரா எனும் ஒற்றையறை வீடுகளுக்கு இடையிலான சுவர் கூரையைத் தொடுவதில்லை. இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. ஈரக் காற்றில் வயலின் கம்பிகள் அடிக்கடி இளகும். வாசிப்பை நிறுத்திச் சுருதி சேர்க்க வேண்டும். அதற்கு அமைதி வேண்டும். அவள் நிறுத்தினால் போதும். பக்கத்துக் காம்பராவில் அழகம்மாவின் ரேடியோ அலறும்.

"அம்மா, பாரேன்! நான் சுருதி சேர்க்கப்போறேன்னு எப்படித்தான் தெரியுதோ அவங்களுக்கு!"

"அதுவும் சிங்களத்துல கிரிக்கெட்டு!" என்றாள் தாய் இலட்சுமி. "பந்து உருண்டையா சதுரமான்னு தெரியுமாடி அவளுக்கு?"

லயமே அழகம்மாவைப் பேசியது. அவளுடைய கணவர் ஐயாவு ரப்பர் பால்வெட்டப் போகாமல் உள்ளேயே படுத்திருந்தார். கேட்டவர்களிடம், "கேஸ்ட்ரிக்தான், வேற ஒன்னுமில்ல" என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவாள். ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் அக்கம்பக்கத்தில் பாட்டும் வாத்தியமும் அடங்கிவிடுவது லயத்து வழக்கம். கேஸ்ட்ரிக்குக்கு அது வேண்டாம்தான்; ஆனாலும் நோயாளியின் வீட்டிலேயே ரேடியோவா!

"புருஷன் சுருண்டு கெடக்குறான், இவளுக்கு மேட்ச்சு கேக்குது" என்று பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

பரீட்சைக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை பிரேமலதா பொறுமை இழந்தாள். வயலினை வைத்துவிட்டு அழகம்மாவின் வாசலில் போய் நின்றாள்.

"அத்தை, கொஞ்சம் குறைங்களேன்!"

அழகம்மா வாசலை மறித்து நின்றாள். "குறைக்கிறேன் புள்ள. நீ போயி வாசி."

"இதையேதான் தெனமும் சொல்றீங்க. வேணும்னே செய்றீங்களா?"

"இல்லடி தங்கம். வாசி. நிறுத்தாம வாசி."

"சுருதி சேர்க்காம எப்படி வாசிக்கிறது? உங்களுக்குன்னு ஒரு புள்ள இருந்து, அது படிச்சிருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்!"

பிள்ளையில்லாத அழகம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது.

பரீட்சையில் பிரேமலதா பிரகாசித்தாள். வாசிப்பின் நடுவே ஒரு கம்பி மயிரிழை விலகியதைத் தானே உணர்ந்து, எவரும் அறியாமல் திருத்திக்கொண்டாள். மூத்த பரீட்சகர் மட்டும் கவனித்திருந்தார்.

"அபூர்வமான காது பிள்ளை உமக்கு."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு கேகாலையில் பஸ் மாறி, மேடேறி வந்தாள். தோட்டத்துப் பாதையோரம் சாவு வீட்டுக்கான வெள்ளைக் கொடிகள் மழையில் நனைந்து தொங்கின.

"யாரும்மா?" என்று வாசலில் நின்ற தாயிடம் கேட்டாள்.

"ஐயாவு மாமாடி. நீ பஸ் ஏறின மறுநாளே." இலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "வயித்துல கேன்சராம். ஆஸ்பத்திரியில இனி ஒன்னும் செய்ய ஏலாதுன்னு அனுப்பிட்டாங்களாம். ஒருத்தருக்கும் சொல்லலியே பாவி!"

பிரேமலதா வயலின் பெட்டியோடு அப்படியே பக்கத்துக் காம்பராவுக்குள் நுழைந்தாள். அழகம்மா சுவரோரம் சாய்ந்திருந்தாள். பலகை மேல் ரேடியோ ஊமையாக இருந்தது.

"ஏன் அத்தை சொல்லல? தெரிஞ்சிருந்தா நான் வயலினைத் தொட்டே இருக்க மாட்டேனே!"

"அதனாலதான் புள்ள சொல்லல." அழகம்மா அவளை அருகே இழுத்து உட்காரவைத்தாள். "பகல்லயும் ராவுலயும் மாத்திரை போட்டுத் தூங்கிருவாரு. பொழுது சாயுறப்பதான் வலி புடிக்கும். நீ வாசிக்கிறப்ப அவரு முனகுறது வெளிய கேக்காது. நீ நிறுத்தினா கேட்டுருமே! 'புள்ளைக்குக் கேட்டா படிப்ப விட்டுரும், ரேடியோவப் போடு'ன்னு கையக் காட்டுவாரு. மறுபடி நீ தொடங்கினா, 'ரேடியோவ அமத்து, கேப்போம்'பாரு."

பிரேமலதா நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். அவள் வாசித்துக்கொண்டிருந்த வேளையில் அந்த ரேடியோ ஒருநாளும் ஒலித்ததில்லை. மயிரிழை விலகலைப் பிடித்த காது அதைப் பிடிக்கவில்லை.

"பரீட்சை முடிஞ்சு வந்தா, பக்கத்துல உக்காந்து ஒன்னு வாசிக்கச் சொல்லணும்னு இருந்தாரு மனுஷன்."

பிரேமலதாவின் விரல்கள் பெட்டியின் பூட்டுக்குப் போயின, அங்கேயே நின்றன. கருமாதி முடியும்வரை துக்க லயத்தில் வாத்தியம் எடுக்கலாகாது. முடிந்தபின் எடுத்தாலும், 'அமத்து' என்று சொல்லிவிட்டுக் கேட்பதற்கு அவர் இல்லை.

அன்பரே, உங்கள் சுவருக்கு அப்பாலிருந்தும் ஒரு சத்தம் உங்களுக்குச் சினமூட்டிக்கொண்டிருக்கலாம். அது எதை மறைக்கிறதென்று நீங்களோ நானோ அறியோம். நாளைக்கு என்று வைக்காதீர்கள். இன்றே, இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய், அந்தக் கதவைத் தட்டுங்கள்.