ஓர் அறைக்கு மட்டும் தகரம்

"இன்னா நைனா சொல்றே? ரெண்டு ரூமுக்கு மங்களூர் ஓடு, பொண்ணு ரூமுக்கு மட்டும் தகரமா?"

அம்பத்தூரில் கூரைச் சாமான் கடை நடத்தும் கெங்கம்மாள், கையிலிருந்த ஓட்டைப் பட்டென்று கீழே வைத்தாள்.

"ஆமாக்கா" என்றார் வேதமுத்து. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை. பதினோரு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, இப்போதுதான் அண்ணனூரில் சொந்தமாக மூன்று அறை கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி ரோஸி.

"பையன் ரூமுக்கு?"

"ஓடுதான்."

"அதானே! ஆம்பளப் புள்ளைக்கு ஓடு, பொண்ணுன்னா தகரம். இன்னா நியாயம் இது? ஏம்மா, பெத்தவ நீயாச்சும் கேக்க மாட்டியா? வெயில்ல புள்ள வெந்துடும்!"

"வெயில் காலத்துல எங்ககூடப் படுத்துக்குவாக்கா." ரோஸிக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்கிறியே! மய வந்தா தகரம் இன்னா சத்தம் போடும் தெரியுமா? பக்கத்துல பேசறதுகூடக் கேக்காது. பேய் மாரி அலறும்."

"அலறட்டும்க்கா."

கெங்கம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. "துட்டுக்குப் பாக்கறியா? அந்த ஒரு ரூமுக்கு ஓடு நான் சும்மா தரேன், எடுத்துகினு போ. அந்தப் புள்ள மனசு கஷ்டப்படக் கூடாது."

வேதமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் மட்டும் நீர்.

"உங்க மனசுக்கு நல்லா இருப்பீங்கக்கா. ஆனா தகரமே குடுங்க. எம்மக பிறந்ததுலேருந்து காது கேக்காதவ. போன வாரம்தான் காதுக்கு மிஷின் வச்சோம். சைக்கிள் பெல், குக்கர் விசில், அவ தம்பி போடற கூச்சல், எல்லாம் கேட்டுட்டா. ஒன்பது வயசாகுது, மழைச் சத்தம் மட்டும் இன்னும் கேட்டதில்ல."

கெங்கம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோய், அடுக்கியிருந்த தகரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ரொம்பச் சத்தம் போடுவதாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.