ரிஷிக்குப் படித்துக் காட்டவும்

"தமிழ்ல நாலு வரி எழுதத் தெரியாத பொண்ணு என் வீட்டுக்கு வேணாம்."

"உங்க பையனுக்கு எத்தன வரி எழுதத் தெரியும் ஆன்ட்டி?"

செப்டம்பரில், ரிஷியின் பிறந்தநாள் விருந்தன்று, பத்துப் பேர் முன்னால் அவன் காதலி மஹதி கேட்ட கேள்வி. பத்துப் பேரும் சிரித்தார்கள். பூங்கோதை அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை.

பதினாறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஆக்லாந்தில் ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். அவள் மகன் ரிஷி மட்டும் எட்டு வயதிலேயே கிரிக்கெட் மட்டையோடு வகுப்பை விட்டு ஓடிப்போனவன். அம்மாவும் மகனும் மட்டுமே இருக்கிற வீட்டில், அது அவளுக்கு ஆறாத புண்.

மஹதி அப்போது ஆறு மாதப் படிப்புக்காக ஜெர்மனி கிளம்பிக்கொண்டிருந்தாள். பூங்கோதை ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஆறு மாசம் ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. போன், மெசேஜ் எதுவும் கூடாது. அதுக்கப்புறமும் இதே மனசு இருந்தா நானே வந்து பொண்ணு கேக்கறேன்."

"லெட்டராவது போடலாமா?"

"தாராளமா போடு. ஆனா தமிழ்ல. என் பேருக்கு அனுப்பு, நானே அவனுக்குப் படிச்சுக் காட்டறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள் பூங்கோதை. இந்த முறை அவள் மட்டும்தான் சிரித்தாள்.

டிசம்பரில் பூங்கோதையின் ஒனிஹங்கா வீட்டுத் தபால் பெட்டியில் முதல் கார்டு விழுந்தது. முன்பக்கம் ஒரு தேவாலயத்தின் படம். பின்பக்கம் கோணல்மாணலாகத் தமிழ்.

'ஆன்ட்டி, இங்கே ஒரு வெள்ளைக்கார டீச்சர் எனக்குத் தமிழ் சொல்லித் தருகிறார். இரண்டே மாதத்தில் எழுத வைத்துவிட்டார். ரிஷி, இங்கே ஒரே பணி. நீ பக்கத்தில் இல்லாமல் ரொம்பக் குளிருகிறது. ரிஷிக்குப் படித்துக் காட்டவும்.'

'இரண்டே மாதத்தில்.' பூங்கோதைக்குச் சுருக்கென்றது. 'பணி'யைப் 'பனி' என்று திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்தவள், என்ன தோன்றியதோ, மூடி வைத்துவிட்டாள்.

மாலையில் எல்லர்ஸ்லி ஆபீசிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய ரிஷி, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டான். "வாட் டஸ் இட் சே, மா?" அம்மா தமிழில் கேட்டாலும் அவனுக்கு வாயில் வருவது ஆங்கிலம்தான்.

"அங்க ஒரே பணியாம். வேல தலைக்கு மேல கெடக்காம். யாரையும் நெனைக்கக்கூட நேரமில்லயாம்."

'அவ எழுதினதத்தானே சொன்னேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த கார்டு ப்ராகிலிருந்து வந்தது. பாலத்தில் தனியாக நின்று அவனை நினைத்துக்கொண்டதாக எழுதியிருந்தாள். "புது பிரெண்ட்ஸோட பாலத்துல ஒரே கும்மாளமாம்" என்றாள் பூங்கோதை. வியன்னாவில் வாங்கிய இரண்டு காப்பிக் கோப்பைகளில் ஒன்று ரிஷிக்கு என்று வந்த கார்டில், பூங்கோதையின் வாயில் அந்தக் கோப்பை இன்னொருவனுக்குப் போனது. மஹதியின் எழுத்துப்பிழை குறையக் குறைய, பூங்கோதையின் பொய் பெருத்தது.

ரிஷி எல்லாவற்றுக்கும் "ஓகே" என்பான். கார்டை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பான். பிறகு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவான். எழுத்து வெளியே, படம் உள்ளே.

"படம் தெரியற மாதிரி வைடா."

"இட்ஸ் ஃபைன், மா."

மார்ச்சில் கடைசிக் கார்டு வந்தது. பூங்கோதை நின்றபடியே படித்தாள்.

'ஆன்ட்டி, அன்றைக்கு எல்லார் முன்னாலும் உங்களைக் குத்திப் பேசியது தப்பு. கார்டிலும் குத்தியது அதைவிடத் தப்பு. ஒவ்வொரு எழுத்தாகப் பழகும்போதுதான், நீங்கள் எத்தனை பிள்ளைகளோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள் என்று புரிந்தது. மன்னித்துவிடுங்கள். ரிஷி, மார்ச் மாதக் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆக்லாந்தில் இறங்குகிறேன். உனக்கும் அதே மனசு இருந்தால் விமான நிலையத்துக்கு வா. நீ வராவிட்டால், இனி உன்னைத் தேட மாட்டேன். ரிஷிக்குப் படித்துக் காட்டவும்.'

சிவப்புப் பேனாவோடு இரண்டு முறை தேடினாள். ஒரு பிழைகூட இல்லை. றகரம், ரகரம், ழகரம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் வகுப்பில் முழு மதிப்பெண் போட்டிருக்கலாம்.

ஒரு நிமிடம் மனம் இளகியது. உடனே அந்தப் பத்துப் பேரின் சிரிப்பு காதில் விழுந்தது. 'அவமானம் ஊருக்கு முன்னாடி, மன்னிப்பு மட்டும் கார்டுலயா? ஞாயித்துக்கிழம அங்க நின்னு வாசலையே பாத்துக்கிட்டிருக்கட்டும். அப்பத் தெரியும் வலி.'

மாலை ரிஷி வந்தான். "வாட் டஸ் இட் சே, மா?"

"அங்கயே வேல கெடச்சிருச்சாம். இனிமே இந்தப் பக்கம் வரப்போறதில்லயாம்." குரலில் ஒரு சோகத்தையும் சேர்த்துக்கொண்டாள். "உன்ன மறந்துடச் சொல்லி எழுதிருக்கா, கண்ணா."

ரிஷி இந்த முறை "ஓகே" சொல்லவில்லை. கார்டை வாங்கி மெதுவாக ஒரு தடவை பார்த்தான். அதைத் திரும்ப அம்மாவின் கையிலேயே வைத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"ஃபிரிட்ஜ்ல இருக்கற கார்டெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேம்மா. நீயா உண்மையச் சொல்லுவேன்னு இத்தன நாளா காத்துக்கிட்டிருந்தேன். இந்த ஒண்ணயாவது, எழுதியிருக்கறத அப்படியே படி."