காட்டுமுயல் சரக்குக் கறி

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதி மாடிவீட்டுக் குசினிக்குள் மாலை வெயில் விழுகிறது. பிள்ளை பெற்று வந்ததிலிருந்து எமல்டா சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைக்குப் பால் போதவில்லை. கீழ்வீட்டு இத்தாலியப் பெண்மணி, சின்யோரா, தன் கணவர் வேட்டையில் சுட்ட காட்டுமுயலைத் தலையோடு கொண்டுவந்திருக்கிறாள். "ஏனப்பா தலை?" என்கிறாள் எமல்டா. "தோலுரிச்சால் ரெண்டும் ஒண்டுபோலத்தானே. பூனை இல்லையெண்டு காட்டத்தான்," என்று சிரிக்கிறான் அவள் கணவன் செபமாலை. மிளகும் உள்ளியும் மல்லியும் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறியாக அதைக் காய்ச்சுகிறான். அதுவரை சின்யோரா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஆண்டவர் சிலவேளை இப்படித்தான் படியேறி வருகிறார். எமல்டா சிலுவை அடையாளம் போட்டு ஒரு வாய் உண்கிறாள். "உப்புக் காணாது." செபமாலையின் முகம் வாடுகிறது. அவள் தட்டை நீட்டுகிறாள். "அதுக்கென்ன, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ." தமிழ் தெரியாத சின்யோராதான் முதலில் அகப்பையை எடுக்கிறாள்.